பெஸ்மா குடித்த தண்ணீர்

நோன்பு மாதம், பட்டப்பகல். நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து நர்ஸ் ஒருத்தி மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஸொஹ்ராவுக்கு வந்தது. ஸ்ஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மனநல வார்டில் இருக்கும் மகள் எம்னாவைப் பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெட்கமா இல்ல? வீட்டுக்குத் தூரமாவே இருந்தாலும் மறைவா போய்க் குடிக்கத் தெரியாதா?"

நர்ஸ் பெஸ்மா மீதித் தண்ணீரை எம்னாவின் கையில் கொடுத்தாள். அந்தக் கை கிடுகிடுவென்று நடுங்கியது. போர்வையெல்லாம் தண்ணீர்.

"அவ நோன்பையும் கெடுக்கிறியா? நிறுத்து."

"கொஞ்சம் பொறுங்க உம்மா. லித்தியம் சாப்பிடுற உடம்புல தண்ணி வத்தினா மருந்தே விஷமாயிடும். காலையிலேருந்து வாந்தி. நடந்தா தள்ளாடுறா. அடுத்த மாத்திரைய நிறுத்திட்டோம். ரத்தம் சோதனைக்குப் போயிருக்கு, டாக்டர் வந்துட்டிருக்கார். டிரிப்ஸ் போட்டா ஊசியப் பிடுங்கிப் போடுறா. நோன்பு வேணாம்னு இமாமே சொல்லிட்டாரே?"

"நோன்பு கடமை இல்லாதது பைத்தியத்துக்குத்தான். என் மக பைத்தியம் இல்ல. நான்தான் வைக்கச் சொன்னேன்."

சத்தம் கேட்டுத் தலைமை நர்ஸ் சுவாத் வந்தாள்.

"பெஸ்மா, நோயாளி முன்னாடி உட்கார்ந்து குடிச்சியா?"

"குடிச்சேன்."

"தூரமா?"

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன கேடு?"

பெஸ்மா எம்னாவின் கையிலிருந்த கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் காலியாகவில்லை.

"கேட்டுக்கங்க," என்றாள் ஸொஹ்ரா. "நோன்பே வைக்காதவ என் மகளுக்குப் புத்தி சொல்ல வந்துட்டா. இவளை இந்த வார்டை விட்டு அனுப்புங்க. இல்லன்னா நான் மேலிடத்துக்குப் போவேன்."

"போகத் தேவையில்ல. நானே அனுப்புறேன்," என்றாள் சுவாத்.

எம்னா கடைசி வாயையும் விழுங்கினாள்.

"உம்மா, அவங்க இதுவரைக்கும் நோன்பாத்தான் இருந்தாங்க. நோன்பை விட்டா நான் பைத்தியம்னு ஆயிடும், குடிக்கமாட்டேன்னு வாயை இறுக்கிட்டேன். 'சரி, இன்னைக்கு ரெண்டு பைத்தியமா இருப்போம் வா'ன்னு, தன் நோன்பை முறிச்சு முதல் வாய் அவங்க குடிச்சாங்க."