ஜெர்மன்காரி

அன்று காலை மம்மது துடைத்துக்கொண்டிருந்தது அவள் முகத்தைத்தான். புதுத் துண்டை நனைத்துப் பிழிந்து, நெற்றியிலிருந்து கீழாக, அழுத்தாமல், அத்தனை பதமாக. டீ டம்ளரோடு பின்னால் நின்ற ரசீதாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“டீ ஆறுது. ஜெர்மன்காரிக்கு மூஞ்சி கழுவி முடிஞ்சுதா?”

“கண்ணாடி மட்டும் பாக்கி” என்று காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குக் குனிந்தார் மம்மது. “ஒரே ஒரு தடவ நீ ஓட்டிப் பாரு ரசீதா. அதுக்குப் பொறவு ஏசு.”

“சக்களத்திய எவளாவது தொடுவாளா? போங்க அங்கிட்டு.”

மம்மது சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இருக்கும் லுங்கிக் கடைக்கு நடந்து போனார். மதியம் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

சவூதியிலிருந்து திரும்பியதும் கொச்சியில் யாரிடமோ வாங்கி வந்த பழைய ஜெர்மன் கார் அது. பார்ட்ஸுக்கு மெட்ராஸ் வரைக்கும் அலையப் போகிறான் என்று சங்கரன்கோவிலே சிரித்தது. அது ஒரு நாளும் அலைய வைக்கவில்லை. கதவைச் சாத்தினால் எழும் அந்த மெத்தென்ற சத்தத்துக்காகவே மம்மது இறங்கிய பிறகும் ஒருமுறை சும்மா திறந்து மூடுவார். ரசீதா புதுச்சேலை கட்டினால் அவர் கண்ணில் படாது. கார் கதவில் விழுந்த நகக்கீறல் இருட்டிலும் தெரியும்.

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருந்து இத்தா முடிந்த அடுத்த வாரமே, ரசீதா காரை விற்றுவிடச் சொல்லிவிட்டாள். கொழுந்தன் மைதீன், சிவகிரியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் காளிராஜைக் கூட்டி வந்தான்.

சாவி, மம்மதுவின் உயரத்துக்கு அடித்த ஆணியில் தொங்கியது. ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தாள். புது பேட்டரி மாட்டியிருந்தான் மைதீன். தொட்டதும் கார் உறுமியது. அழுது அழுது எல்லோர் தொண்டையும் கம்மிப்போன வீட்டில், இந்த ஜெர்மன்காரி குரல் மட்டும் அப்படியே இருந்தது. ரசீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி இதுல தேரடிப் பக்கம் போகையில எனக்கு வயிறு எரியும்க்கா” என்றான் காளிராஜ். “ஒரு நாளாவது நடுரோட்டுல நின்னு தொலையாதான்னு பாத்திருக்கேன். நிக்கலியே!”

“நின்னுருக்கு தம்பி.” மறைத்து விற்க அவளுக்கு மனமில்லை. சொல்வதில் ஒரு பழைய ருசியும் இருந்தது. “இளையரசனேந்தல் ரோட்டுல ஓரமா ஒதுங்கி நின்னுட்டு. என்னைய ஸ்டியரிங் பக்கம் உக்காத்தி வச்சி, பிரேக்க மிதி, கண்ணாடியில ரோட்டப் பாருன்னுட்டு, அவரு பானட்டத் தூக்கிட்டு நின்னாரு. பானட்டுக்கு அங்கிட்டு அவருக்கு ஒரே இருமல் வேற.”

“என்ன கோளாறாம்?”

“அவருக்கே தெரியல. மூடுனாரு, ஓடுச்சு. அதுக்கப்புறம் உங்க ஜெர்மன்காரி யோக்கியதையப் பாத்தாச்சுன்னு நான் சொல்லாத நாளே கெடையாது.”

காளிராஜ் யோசனையோடு ஏறி உட்கார்ந்தான். கதவில் ஒன்று, இரண்டு என்று எண் போட்ட பொத்தான்கள் இருந்தன.

“ஆளுக்குத் தக்கன சீட்டையும் கண்ணாடியையும் பதிஞ்சு வச்சுக்கிடலாம்” என்றான் மைதீன். “ஒண்ணு, அண்ணன் அளவு.”

காளிராஜ் ஒன்றை அமுக்கினான். சீட்டு பின்னால் நகர்ந்து தாழ்ந்தது. இரண்டை அமுக்கினான். சீட்டு விறுவிறுவென்று முன்னால் வந்து உயர்ந்தது. அவன் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

“ஆத்தாடி, நெருக்கிட்டே! இது யாரோ பொம்பள ஆளு அளவுல்லா? நீங்களும் ஓட்டுவியளாக்கா?”

“எனக்கு ஓட்டத் தெரியாது.”

மைதீன் டயரைக் குனிந்து பார்த்தான்.

மிஸ்ரியா. மம்மதுவின் மாமி மகள். ரசீதாவுக்கு முன்னால் அவருக்குப் பேசி, முடியாமல் போனவள். கடையநல்லூரில் தானே கார் ஓட்டுகிறவள். மம்மது இறந்த அன்று மையத்து வீட்டில் ரசீதாவைவிடச் சத்தமாக அழுதவள். இத்தனை வருஷமும் ஒரு இரும்பைப் பார்த்தா பொறாமைப்பட்டோம்?

“எறங்கு தம்பி.”

“மைனி, விடுங்க. இப்பம் எதுக்கு அதெல்லாம்...”

“நீ சும்மா இரு மைதீன். அவ எம்புட்டு ஒசரம்னு நான் பாத்துக்கிடுதேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். முழங்கால் இடிக்கும், இல்லையென்றால் கால் எட்டாது; அதை வைத்து அவளை அளந்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காலை நீட்டினாள்.

பிரேக் பாதத்துக்குக் கீழேயே இருந்தது. எக்க வேண்டியிருக்கவில்லை, மடக்க வேண்டியிருக்கவில்லை. கை தானாக ஸ்டியரிங்கில் போய் அமர்ந்தது. கழுத்தைத் தூக்காமலே பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரு முழுதும் கோடு போட்டதுபோல் தெரிந்தது.

‘கால் எட்டுதா? நல்லா மிதிச்சுப் பாரு. ரோடு பூரா தெரியுதா?’

அன்று இளையரசனேந்தல் ரோட்டில், பானட்டைத் தூக்கும் முன்னால், திறந்த கதவில் குனிந்து எதையோ அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டே மம்மது கேட்டது.

காளிராஜ் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, வேற எதும் கோளாறா?”

ரசீதா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல தம்பி. அன்னைக்கு இவ நிக்கவே இல்ல.”