எந்த அகலத்துக்கும்

“என் காலைக் கடப்பாரைன்னு நெனச்சுக்கிட்டியா?” என்றார் நோலீன். புல்தரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு குதிகாலாலும் வளைந்த பலகையின் விளிம்பை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

டாரா அவசரமாக ட்ரில்லை அழுத்தினாள். ஸ்க்ரூ இறங்கியது. பலகை பக்கத்துப் பலகையை ஒட்டி நேராக நின்றது.

“மன்னிச்சுக்கங்க. இன்னும் கொஞ்சம்தான்.”

“மன்னிச்சுட்டா இடுப்பு வலி போயிடுமா? உன் தளம் முடியறதுக்குள்ள எனக்குச் சவப்பெட்டி செஞ்சுடுவாங்க. அதுக்காவது நேரான பலகையா வாங்கச் சொல்லணும்.”

டாரா சிரிக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் உள்ளே போய்த் தைத்தது.

கணவனைப் பிரிந்து கடலோர ஊரான கிரேமவுத்துக்கு வந்த பிறகு அவளுக்கு இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள், பக்கத்து வீட்டு நோலீன்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இயந்திரங்கள்தான் பேசும். வீட்டில் கெட்டில்.

வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் போட, இடித்த மண்டபம் ஒன்றிலிருந்து மலிவாகப் பலகைகள் வாங்கியிருந்தாள். ஒன்று கையகலம், அடுத்தது இரண்டு கையகலம், எல்லாமே மழையில் ஊறி வளைந்தவை. ஒருவர் நெருக்கித் தள்ள வேண்டும். இன்னொருவர் ஸ்க்ரூ போட வேண்டும். தனியாளால் ஆகாது.

சனிக்கிழமை காலை அவள் ட்ரில்லை வெளியே எடுக்கும் முன்பே நோலீன் கையுறை மாட்டிக்கொண்டு வேலியோரம் நிற்பார். சீக்கிரம் வேலையை முடித்துத் தொலைத்துவிட்டுப் போகத்தான் என்று டாரா நினைத்துக்கொள்வாள். ‘வேலை இல்லாதப்பவும் வாங்களேன், டீ குடிக்கலாம்’ என்று சொல்ல வாய் வராது. அந்தக் கரையோரத்தில் வேலை இல்லாமல் யாரும் யாருடைய வேலியையும் தாண்டுவதில்லை.

எனவே ஒரு கருவி செய்ய முடிவு செய்தாள். மாலை வகுப்பில் இரும்பு வேலை கற்றுக்கொண்டிருந்தாள். கருவியின் ஒரு முனை, ஏற்கெனவே பூட்டிய பலகையின் பின்விளிம்பைக் கவ்வ வேண்டும். மறுமுனை புதுப் பலகையை அதனோடு நெருக்க வேண்டும். எந்த அகலமானாலும்.

முதலில் செய்தது குறுகிய பலகைக்கு மட்டும் பொருந்தியது. அடுத்ததில் வரிசையாகத் துளை போட்டு முளை செருகிப் பார்த்தாள். பலகைகளின் அகலம் எப்போதும் இரண்டு துளைகளுக்கு நடுவிலேயே வந்து நின்றது. தப்பு அளவில் இல்லை, தன்னிடம்தான் என்று தோன்றியது. படத்தை அழித்து மறுபடி வரைந்தாள்.

“பலகையைப் புடிக்க ஆளே இல்லையா உனக்கு?” என்று பக்கத்து மேசைக்காரன் கேட்டான்.

“இருக்காங்க. அதனாலதான் செய்யறேன்.”

கடைசியில் கவ்வும் முனையைச் சட்டத்தில் நழுவும்படி விட்டாள். நிமிர்த்தினால் ஓடியது; சாய்த்தால் பல் பதிந்து நின்றது. கைப்பிடியைத் திருகினால் இறுகியது. வேலை செய்கிறது என்று தெரிந்த நிமிடம், அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இனி சனிக்கிழமையும் மற்ற நாளைப் போலாகிவிடும். இதை அப்படியே கழிவு இரும்பு போடும் பெட்டியில் போட்டுவிடலாமா என்று பார்த்தாள். நோலீன் முக்காலியை விட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வது நினைவுக்கு வந்தது. பையில் வைத்து எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, நோலீன் முக்காலியைப் போடுமுன் கருவியைப் பலகையில் மாட்டிக் காட்டினாள். குறுகிய பலகை நெருங்கி ஒட்டியது. அகலமானதும் ஒட்டியது.

நோலீன் குனிந்து பார்த்தார். தானே ஒருமுறை கைப்பிடியைத் திருகினார்.

“மழையில துரு புடிக்கும்.”

“எண்ணெய் போட்டுட்டேன்.”

“முனை மரத்தைக் கடிக்கும்.”

“தோல் ஒட்டியிருக்கேன், பாருங்க. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல.”

நோலீன் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். “நல்லதாப் போச்சு” என்றார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார். அன்று ஒரு திட்டுகூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை டாரா தனியாக வேலை செய்தாள். பலகைகள் மளமளவென்று ஏறின. யாரும் பெட்டியைப் பற்றியோ இடுப்பைப் பற்றியோ பேசவில்லை. வேலியோரம் யாரும் இல்லை என்று தெரிந்தும் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ட்ரில் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தாள். போன கோடையில் ஆள் வைத்துப் போட்ட தன் தளத்தின் மேல் நோலீன் மண்டியிட்டிருந்தார். ட்ரில்லைத் திருப்பி ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக்கொண்டிருந்தார். புல்லில் பலகைகள் அடுக்கியிருந்தன.

“என்னாச்சு? உளுத்துப் போச்சா?”

“வளைஞ்சு போச்சு. திரும்பப் போடணும்.”

டாரா பலகைகளைப் பார்த்தாள். எல்லாம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. ஒன்றும் விளங்காமல், “இருங்க, கருவியை எடுத்துட்டு வர்றேன்” என்று திரும்பினாள்.

நோலீன் தலையை நிமிர்த்தவில்லை.

“அத வீட்டுலயே வெச்சுட்டு வா.”