ராணி கடைசியில் சாகிறாளா?

மனைவி மேல் அவனுக்குச் சந்தேகம் வந்தது லிஃப்டில்தான்.

ஆறு பாக நாவலையும் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டியே காதலித்தவர்கள் அவர்கள். படம் வந்தால் சேர்ந்துதான் பார்ப்பது என்று சத்தியமே செய்திருந்தார்கள். யாராவது கதையைச் சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள், இன்று மாடி வீட்டுக்காரர், “நாவல்ல பாதிகூட இல்லைம்மா, டிராகன் மட்டும்தான் தேறும்” என்று அளந்தபோது சாவகாசமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

போன வாரம் குடையைத் தொலைத்ததிலிருந்து மழையில் நனைந்தே வருகிறவன், தலையைத் துவட்டியபடி தூண்டில் போட்டான்.

“படத்துல ராணியைக் கடைசியில கொன்னுட்டாங்களாம். பார்த்தவங்க எல்லாம் திட்டித் தீர்க்கிறாங்க.”

“யார் சொன்னது? டிராகன் மேல ஏறிக் கடலைத் தாண்டிப் போயிடறா. நாவல்லயே இல்லாத சீன், என்னமா எடுத்திருக்...” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“மாட்டினியா! யார்கூடப் போனே?”

“தனியாத்தான். ஆபீஸுக்கு மட்டம் போட்டுட்டு, மேட்னி. ஆசை தாங்கலை.”

“நான் ஒருத்தன் ஞாயித்துக்கிழமைக்காகக் காத்துக் கிடக்கேன். இப்படி ஏமாத்திட்டியே!”

அவள் உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக அவன் சொல்லியிருந்த குடை.

“ராணி பறந்தப்ப முன் வரிசையில ஒருத்தர் எழுந்து நின்னு விசிலடிச்சார். அந்த உற்சாகத்துல இதை மறந்துட்டுப் போயிட்டார். நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். போகட்டும், ஞாயித்துக்கிழமையாவது என் பக்கத்து சீட்டுல உட்காருங்க.”