குனிந்தால் ஏறும் கவசம்

கண்ணாடி முன் நிற்கும்போது சரியாக இருக்கும் ஜாக்கெட்டின் முழங்கைக் கவசம், பைக்கில் குனிந்ததும் ஏன் மேலே ஏறுகிறது என்று யசோதினிக்குப் புரியவில்லை. பதுளைக் கடை வாசலில், மழைவிட்ட வெயிலில் மின்னும் தன் ஸ்போர்ட்ஸ் பைக்கில், விலைச்சீட்டு ஆடும் அந்தப் புது ஜாக்கெட்டோடு ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். ஹல்துமுல்லை வளைவில் போன மாதம் விழுந்து கிழிந்த முழங்கையின் மேல் இப்போதும் வெறும் துணிதான் கிடக்கிறது. “நடந்து போனீங்கன்னா அது அசையாது தங்கச்சி,” என்று சிரிக்கிறார் கடைக்காரர் இத்ரூஸ். “வீட்டுலயும் பைக்க வித்துருன்னுதான் சொல்றாங்க நானா. விக்க மாட்டேன். நாளைக்கு அதே வளைவுலதான் போறேன்.” குனிந்தபடியே ஒரு கையால் முதுகைத் தடவுகிறாள். அங்கே துணி விறைத்து நிற்கிறது. குனியக் குனிய அதுதான் ஜாக்கெட்டின் கையையும் சேர்த்து மேலே இழுக்கிறது. நின்று அளந்தால் எப்படித் தெரியும்! “இதுக்கே பில்லப் போடுங்க,” என்கிறாள். கார்மென்ட்ஸ் ஆலையில் தைத்துப் பழகிய விரல்கள், கவசம் இருக்கும் உள்பையின் தையலைத் தேடுகின்றன. “பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேன்!” “யாரு திருப்பித் தரப் போறா?” ஓட்டுவதுபோல் குனிந்து, மடங்கிய முழங்கையின் முனையில் வெண்கட்டியால் குறி வைக்கிறாள். தையலைப் பிரித்து, பழைய இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே உள்பையை ஊசியும் நூலும் கொண்டு தைக்கிறாள். இப்போது குனிந்தால், கவசம் முழங்கையிலேயே நிற்கிறது.