மூன்றாவது பத்தி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டுக்காரர் பிரான்சுவா, அவருடைய விதவை மருமகள் ஜெர்லின், நோட்டரி வக்கீல் மதிவாணன், சாட்சிக்காக அழைக்கப்பட்ட எதிர்வீட்டு ஜெயம். ஐந்தாவதாக ஒருவர் பார்த்ததாகச் சொன்னால், அது பொய்.

மேசைமேல் முத்திரைத்தாள் இருந்தது. வாசற்படி ஓரத்தில் ஜெர்லினின் பெட்டி, அதன்மேல் ஓர் அட்டைப்பெட்டியில் புத்தம்புது வெள்ளை ஷூ.

"தேதியைச் சரியாச் சொல்லும்மா. எதுலேர்ந்து எது வரைக்கும்?" என்றார் மதிவாணன்.

"ரெண்டாயிரத்துப் பதினாறு ஜூன் ஒண்ணுலேர்ந்து, போன மாசம் பதினெட்டாந்தேதி வரைக்கும்."

போன மாதம் பதினெட்டாம் தேதிதான் பிரான்சுவாவின் மனைவி ஸ்டெல்லாமேரி இறந்தார். மகன் ரிச்சர்ட் விபத்தில் போய் நான்கு வருடம் ஆகிறது. ஜெயத்துக்கு மனம் பொறுக்கவில்லை.

"என்னா முசே இது?" என்றாள். தெருவில் எல்லோரும் அவரை அந்தப் பிரெஞ்சு மரியாதைச் சொல்லால்தான் அழைப்பார்கள். "ஸ்டெல்லாம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசைகூட ஆவல. அதுக்குள்ள இந்தப் பொண்ணைப் பொட்டி கட்ட வச்சிட்டீங்களே!"

"உன்னைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டேன் ஜெயம். யோசனை கேக்கக் கூப்பிடல."

"எதுல போடறேன்னு ஒரு வார்த்தை படிக்க வாணாமா?"

"வேணாம். நான் கையெழுத்துப் போட்டதுக்குத்தான் நீ சாட்சி. உள்ள இருக்கறது எங்க குடும்ப விஷயம்." அவர் தினத்தாளை எடுத்து எழுத்துகளின்மேல் வைத்து மூடினார். கையெழுத்துக்கான இடம் மட்டும் வெளியே தெரிந்தது.

மதிவாணன் தொண்டையைச் செருமினார். "சார், அந்த மூணாவது பத்திய மாத்திடலாமே? 'சொந்தக் காரணம்'னு ரெண்டு வார்த்தை போட்டா முடிஞ்சுது. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"நடந்தது அதுதான். அப்படியே இருக்கட்டும்."

"வாணாம் மாமா," என்றாள் ஜெர்லின். கண் கலங்கியிருந்தது. "அதை மட்டும் எடுத்துடுங்க மாமா."

"நீ சும்மா இரு."

அவர் கையெழுத்துப் போட்டார். அழுத்திப் போட்டதில் பேனா ஓர் இடத்தில் தாளைக் கிழிக்கப் பார்த்தது. ஜெயமும் போட்டாள், போட்டதும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஆட்டோ வந்தது. பெட்டியை அவரே தூக்கி வைத்தார்.

"தாளை நீயே மொதல்ல எடுத்து நீட்டு. அவங்க கேக்கட்டும்னு காத்திருக்காத. என்ன கேட்டாலும் நிமிர்ந்து பதில் சொல்லு. நீ தலை குனியறதுக்கு ஒண்ணும் இல்ல."

"நீங்க ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீங்க மாமா?"

"நேரமாவுது. கெளம்பு."

எதிர்வீட்டு ஜன்னல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

தினமும் மாலை நான்கு மணிக்கு உள்ளறையில் இரும்புக் கட்டில் கிரீச்சிடும். பக்கவாதத்தில் படுத்த ஸ்டெல்லாமேரியை ஜெர்லின் புரட்டிப் படுக்க வைக்கும் சத்தம் அது. ஒன்பது வருடமாக அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் பிரான்சுவா காபிக்கு எழுந்திருப்பார். மனைவி போனபின்னும் ஜெர்லின் அந்நேரத்துக்குக் கட்டிலில் உட்கார்ந்து துணி மடிப்பாள், கட்டில் கிரீச்சிடும். அன்று நான்கு மணிக்கு எந்தச் சத்தமும் இல்லை. ஆறு மணி வரை அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

இரவு இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். பிறகு ஒன்றைத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வெளியே வந்தபோது மாதா கோயில் வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. அவர் பக்கத்தில் யாரும் வரவில்லை. 'வீட்டுல பங்கு கேக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டுத்தான் மருமவளை வெளிய தள்ளினாராம்' என்பது அவர் காதிலும் விழுந்தது. அவர் குடையை ஊன்றிக்கொண்டு நேராக நடந்தார். தன்னைப் பற்றிய பேச்சுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

படி இறங்கும்போது ஜெயத்தின் குரல் பின்னால் கேட்டது.

"அவ மேலயும் என்னமோ தப்பு இருக்குமாட்டம். இல்லன்னா ஏன் வாயத் தொறக்காம அழுதுகினே போறா? நிமிர்ந்து பதில் சொல்லுன்னாரே, எந்த கேஸுக்கோ!"

பிரான்சுவா நின்றார். திரும்பி, இறங்கிய இரண்டு படிகளையும் மீண்டும் ஏறினார்.

"ஜெயம், அவளுக்கு மெட்ராஸ்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருக்கு. நாளைக்குச் சேர்றா. படிச்ச நர்ஸு ஒம்பது வருஷம் ஏன் வேலை பாக்காம இருந்தேன்னு, பத்திரத்துல எழுதிக்கினு வரச் சொன்னாங்க."

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். பிரான்சுவா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அவகிட்ட நான் எதையும் எழுதி வாங்கல; 'பாத்துக்கினு இருந்த வேலைய விடச் சொல்லி அவளை வீட்டோட உக்கார வச்சது நான்தான்'னு நான் எழுதிக் குடுத்தேன்."