அஞ்சு நூல்

சிங்காநல்லூர் வீட்டு ஜன்னலில் நுழைந்த மாலை வெயில் கணக்கு நோட்டின் பாதியில் சோர்ந்து கிடக்கிறது. நாளை எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. எழுதப் போகிறவள் கிருபாவதி, வயது நாற்பத்து மூன்று. தேறினால்தான் கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவளின் கழுத்தில் அளவு டேப் இன்னும் தொங்குகிறது. கால் பங்கோடு எட்டில் மூன்றைக் கூட்டிப் பன்னிரண்டில் நான்கு என்று எழுதுகிறாள். மகள் கெசியா சிவப்புப் பேனாவால் சுழிக்கிறாள். “மேலயும் கீழயும் அப்படியே கூட்டக் கூடாதுங்கம்மா. இதோட மூணு தடவை சொல்லிப்போட்டேன்.” கிருபாவதி கண்ணைக் கசக்கிவிட்டு டேப்பை இழுக்கிறாள். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு அவளுக்கு ஒரு நூல். தேய்ந்த கட்டைவிரல் நகம் கோடு கோடாக நகர்கிறது. “காலிஞ்சுன்னா ரண்டு நூலு. அதோட மூணு. அஞ்சு நூலு கண்ணு.” கெசியா விடைப் பக்கத்தைப் புரட்டுகிறாள். எட்டில் ஐந்து. சுழித்த இடத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். “டேப்பைப் பரீட்சை ஹாலுக்குள்ள உட மாட்டாங்கம்மா.” சமையலறையில் குக்கர் கத்தி ஓய்கிறது. கிருபாவதி டேப்பைக் கழற்றிச் சுருட்டி, தையல் மிஷின் டிராயரில் போட்டு மூடுகிறாள். அடுத்த கணக்கு, முக்காலிலிருந்து எட்டில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கை கழுத்துக்குப் போய் வெறுமனே திரும்புகிறது. பிறகு கட்டைவிரல் நகம் நோட்டின் ஓரத்தில், கோடே இல்லாத தாளில், நூல் நூலாக நகரத் தொடங்குகிறது.