மூப்பரின் காது

வெஸ்டர்ஹுக் சபையில் பிரசங்கம் முடிந்ததும் போதகர் மேடையிலிருந்து இறங்குவார். கீழே மூத்த மூப்பர் கிரெய்ன் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்குவார். 'நீர் போதித்தது சத்தியமே' என்று சபை கொடுக்கும் முத்திரை அது.

கை நீளவில்லையென்றால் போதகர் துர்ப்போதகர். சபை கொடுத்த வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான்.

கிரெய்னின் கை இதுவரை மூன்று பேருக்கு நீளவில்லை. சங்கீதத்தைக் கொஞ்சம் வேகமாகப் பாடலாம் என்றவர் ஒருவர். அடக்க ஆராதனையில், இறந்தவர் நிச்சயம் பரலோகத்தில் இருப்பார் என்று ஆறுதல் சொன்னவர் ஒருவர். மூன்றாமவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவில்லை. ஆனால் மூப்பர் கண்டுபிடித்துவிட்டார் என்று ஊரே மெச்சியது.

நான்காவதாக வந்தவர் யோரிஸ். பிரசங்கத்தை முதலில் கொல்லைக் கோழிகளிடம் சொல்லிப் பார்க்கும் மனிதர். அவர் மனைவி ஹெஸ்டருக்கு அப்போது ஏழாம் மாதம்.

வெள்ளிக்கிழமை, கோழிகளுக்கு நடந்த பிரசங்கத்தைச் சமையலறையிலிருந்து கேட்ட ஹெஸ்டர் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பரலோகக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்குன்னா சொல்லப்போறீங்க?"

"ஆமா."

"கர்த்தர் தெரிஞ்செடுத்தவங்களுக்கு மட்டும்னு ஒரு வார்த்தை சேத்துக்கங்களேன். அந்த மனுஷன் இதுக்காகவே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கார்."

"எழுதியிருக்கறதைத்தானே சொல்றேன், ஹெஸ்டர்."

"இந்தக் குளிர்ல, வயித்துல புள்ளையோட, நான் எங்கேங்க போவேன்?"

யோரிஸ் கோழிகள் பக்கம் திரும்பி அதே வாக்கியத்தை மறுபடி சொன்னார். ஒரு வார்த்தையும் மாற்றமாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலை ஆப்பிள் கேக் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு மூப்பர் வீட்டுக்குப் போனாள். மூப்பர் தோட்டத்தில் பேரி மரத்துக்குக் கிளை கழித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் அவர் மனைவி பீட்டர்னெல்லா காப்பி ஊற்றினாள். டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு மூடினாள்.

"பையன் மாதிரிதான் தெரியுது. வயிறு கூம்பி இருக்கே."

"எதுவானாலும் சரிம்மா. நல்லபடியாப் பொறந்தாப் போதும்."

"இரு, சமையலறையில போய்ப் பால் எடுத்துட்டு வரேன்."

ஜன்னலோரம், பெரிய வேதாகமத்தின் மேல், மூப்பரின் காதுக்கருவி இருந்தது. அது இல்லாமல் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்பது ஊரறிந்த விஷயம்.

ஹெஸ்டர் எழுந்து ஜன்னலருகே போனாள். அடுத்த கணம் கருவி அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது.

பீட்டர்னெல்லா பாலோடு வந்தாள். "வேற ஏதாவது வேணுமாம்மா?"

"போதும்மா. நிறைஞ்சிருச்சு."

ஞாயிறு காலை மூப்பர் மேடைக்கு எதிரே தன் இடத்தில் வந்து அமர்ந்தார். காது காலி. ஹெஸ்டர் கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். திருடியதற்கு நன்றி சொல்வது முறையா என்று யோசித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

யோரிஸ் அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. பெண்கள் பக்கம் தொப்பிகள் அசைந்தன. பெப்பர்மின்ட் சப்பும் சத்தம் நின்றது. மூப்பர் மட்டும் கல்லாக உட்கார்ந்திருந்தார். ஹெஸ்டருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஆசீர்வாதம் முடிந்தது. யோரிஸ் இறங்கி வந்து கையை நீட்டினார்.

மூப்பர் எழுந்தார். சபையை ஒரு முறை பார்த்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

யோரிஸின் கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றுவிட்டுத் தானே இறங்கியது.

வாசலில் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்த பீட்டர்னெல்லாவை ஹெஸ்டர் மறித்தாள்.

"இது அநியாயம்மா! ஒரு வார்த்தைகூட அவர் காதுல விழுந்திருக்காது!"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

ஹெஸ்டர் பைக்குள் கையை விட்டுக் கருவியை எடுத்து நீட்டினாள். பீட்டர்னெல்லா வாங்கி, அதன் சின்ன மூடியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

"பேட்டரியைக் கழட்டி நாலு வருஷம் ஆச்சு. அது இருந்தா பிரசங்கத்தப்போ தூக்கம் கெடுதாம். சும்மா மாட்டிக்கிட்டு வருவார்."

"அப்போ... அந்த மூணு பேரும்?"

"நான் தலையாட்டினா கை கொடுப்பார். ஆட்டலைன்னா கொடுக்கமாட்டார். பொம்பளைங்க சபையில வாயைத் திறக்கக் கூடாதுன்னுதானே சட்டம்? தலையைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

ஹெஸ்டருக்குக் கண் கலங்கியது. "இன்னிக்கு அவர் சொன்னதுல என்னம்மா துர்ப்போதனை?"

"துர்ப்போதனையா? கதவு எல்லாருக்கும் திறந்திருக்குன்னு ஒருத்தர் வாயால கேக்கணும்னு இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன். நாலு பேர்ல உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் சுத்தமாப் போதிச்சார்."

"பின்னே ஏம்மா தலையாட்டலை?"

பீட்டர்னெல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு சைக்கிளில் ஏறினாள்.

"எங்க சமையலறைக் கதவு கண்ணாடிக் கதவும்மா. நேத்து நீ கேக்கை மட்டும் வெச்சுட்டுப் போயிருந்தா, இன்னிக்கு ஆட்டியிருப்பேன்."